தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

"நம்ம டீச்சர் கட்சி மாறிட்டாங்க சார்!"

மருந்துக்கடைக்குள் மூச்சிரைக்க வந்து நின்றார் சலூன்காரர். யாரையோ பாதி சவரத்தில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கையில் நுரை இன்னும் காயவில்லை.

"எந்த டீச்சர்?" என்றார் மருந்துக்கடைக்காரர். தெருச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான்.

"விசில் டீச்சர்தான்! தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், போராட்டத்துல முதல் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. 'ஆலையே வெளியேறு'ன்னு கோஷம் வேற. இங்க போட்ட அதே கோஷம்!"

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் ஆலை முதலில் இவர்கள் தெருக்கோடிக்குத்தான் வருவதாக இருந்தது. மழையோ வெயிலோ, தெருவே திரண்டு உட்கார்ந்தது. பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் விசில் டீச்சர். அவர் தொண்டைதான் போராட்டத்துக்கே மைக். கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். ஆலையைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டோம் என்று அறிவித்த அன்று, வீட்டுக்கு வீடு இனிப்பு கொடுத்தார்கள்.

"அங்கேயும் துரத்திட்டாங்கன்னா, மறுபடி நம்ம தலையிலதானே வந்து விடியும்?" என்றார் சலூன்காரர்.

மாத்திரை வாங்க வந்திருந்த தையல்காரம்மா பெருமூச்சு விட்டாள். "அவங்க பொண்ணு அங்கதானே குடியிருக்கா. தானாடாட்டியும் தன் சதை ஆடும்."

"அந்தப் பொண்ணோட பேச்சே கிடையாதே?" என்றார் செயலாளர்.

"சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, 'இனிமே இந்தப் படி ஏறாதே'ன்னுட்டாங்க. அவளும் ரோஷக்காரி, ஏறவே இல்லை. இருந்தாலும் பெத்த வயிறு கேக்குமா?"

"அப்ப ஊருக்காகக் கத்தறேன்னதெல்லாம் பொய்யா? அவங்கவங்க வீட்டுக்குத்தானா?" என்றார் சலூன்காரர்.

செயலாளர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பினார். நடைமேம்பாலம் ஏறி இறங்கும்வரை கேள்விகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனார்.

தார்ப்பாய்க்குக் கீழே கூட்டம். கைக்குழந்தையோடு பெண்கள், கைத்தடியோடு பெரியவர்கள். நடுவில் டீச்சர், தொண்டை கட்டிப்போய், வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, உட்காருங்க."

"உட்கார வரலை டீச்சர். இது நியாயமா? நம்ம தெருவுக்கே குழி பறிக்கிறீங்களே!"

டீச்சர் இன்னொரு வாய் வெந்நீர் குடித்தார்.

"உங்க பொண்ணு இங்க இருக்கறதாலதானே?"

"ஆமா தம்பி, அவளுக்காகத்தான் வந்தேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று செயலாளர் எதிர்பார்க்கவில்லை.

"ஆலை இங்க வருதுன்னு கேட்டதும், நீங்க கொடுத்த இனிப்பு தொண்டையில இறங்கலை" என்றார் டீச்சர். "அதோ, அந்த மஞ்சக் கட்டடம் தெரியுதா? மூணாவது மாடியிலதான் அவ வீடு. யாரோ சொல்லி எனக்குத் தெரியும். வந்ததில்லை. அவளே வரட்டுமேன்னு ஒரு வீம்பு. ஆனா தினமும் சாயங்காலம் எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு, அந்த ஜன்னல்ல லைட் எரியுதான்னு பார்ப்பேன். எரிஞ்சா, வீட்டுக்கு வந்துட்டான்னு நினைச்சுக்குவேன். அதுக்கப்புறம்தான் எனக்குச் சோறு."

செயலாளரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இப்ப பார்த்தீங்களா? பேசினாளா?"

"வீம்பை எல்லாம் விட்டுட்டு வந்து கதவைத் தட்டினேன். வேற யாரோ திறந்தாங்க. என் பொண்ணு காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாள் ஆச்சாம். எங்கேன்னு யாருக்கும் தெரியலை." டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தனை நாளும் யாரோ போட்ட லைட்டைப் பார்த்துத்தான் சோறு தின்னிருக்கேன் தம்பி."

செயலாளர் மஞ்சள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வந்த வேலை ஞாபகம் வந்தது.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பொண்ணுதான் இங்க இல்லைன்னு ஆயிடுச்சே. அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை? எழுந்திருங்க, நம்ம தெருவுக்குப் போகலாம்."

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"இங்க இல்லைதான் தம்பி. ஆனா எங்க இருக்கான்னு தெரியாதே! இனிமே எந்தத் தெருவுல புகை வந்தாலும், அது என் பொண்ணு இருக்கிற தெருவா இருக்குமோன்னுதானே எனக்குத் தோணும்?"