தெளிப்பு ஐயர்

“இந்த ஞாயித்துக்கிழமையும் இல்லையாய்யா?”

நாகராஜ் கேட்ட தோரணையில், ஜெபவீட்டில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

“அடுத்த வாரம் பார்ப்போம்” என்றார் ஐயர்.

எம்.ரெட்டியபட்டி பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் எழுந்து நடக்கும்வரை சபையைப் பார்த்துக்கொள்ள வந்தவர் வேதமுத்து. சி.எஸ்.ஐ. சபையில் ஐயராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுக்கு இவர் தட்டும் கை ஒருநாளும் தாளத்தில் விழாது. அதைச் சபை சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது.

கோகிலாம்பாள் விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

கனத்த உடம்பு, தேய்ந்த முழங்கால். மாதக் கடைசியில் மகன் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகிறான். அதற்குள் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துவிட வேண்டும் அவளுக்கு. ஐயரோ மூன்று வாரமாகத் தள்ளிப்போடுகிறார்.

“அவுக சபையில நெத்தியில தண்ணி தெளிப்பாக, அம்புட்டுத்தான். நம்ம முழுக்கு அவுகளுக்கு எளக்காரம்” என்றான் நாகராஜ், ஐயர் வெளியே போனதும்.

“எனக்கும் தெளிச்சு விட்ருவாகளோ?” கோகிலாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் ஐயரின் மனைவி, ஐயரம்மா தும்மும் சத்தம் கேட்டது. மூன்று வாரமாகவே அவருக்குச் சளி.

வெள்ளிக்கிழமை நாகராஜ், ஐயர் குடியிருக்கும் பாலவனத்தத்துக்குப் பஸ் ஏறினான். ‘நாங்க வேற பாஸ்டரைப் பார்த்துக்கிடுறோம்’ என்று ஐயர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.

வீடு பூட்டியிருந்தது.

“தோட்டத்துப் பக்கம் போங்க” என்றார்கள் பக்கத்து வீட்டில்.

பம்புசெட் தொட்டிக்குள், இடுப்பளவு தண்ணீரில் ஐயர் நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் நாற்காலி போட்டு, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு பாஸ்டர்!

“முதுகுல கையக் குடுங்கய்யா! மெதுவா சாய்ங்க... ஆங், இப்பத் தூக்குங்க!”

நாகராஜைப் பார்த்ததும் ஐயர் கூச்சத்தோடு சிரித்தார்.

“முப்பத்தஞ்சு வருச ஊழியத்துல ஒருத்தரையும் நான் தண்ணியில முக்கினதில்ல தம்பி. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்தம்மாவ நழுவ விட்டுட்டா என்ன ஆகும்?”

ஐயரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, சொட்டச் சொட்ட நனைந்த ஐயரம்மா முன்னால் வந்தார். கூந்தலைப் பிழிந்தார். தும்மினார்.

“இந்த ஞாயித்துக்கிழமை கட்டாயம் வச்சிருங்க தம்பி. பதினெட்டுத் தடவை என்னைய முக்கியாச்சு. இன்னொரு தடவைன்னா எனக்கு அடக்க ஆராதனைதான். அது இவுகளுக்குப் பழகாமலே வரும்!”