நேப்பிள்ஸ்காரருக்குப் பல்வலி

“இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு” என்றார் அந்தோனியோ, வலது கன்னத்தைப் பிடித்தபடி.

அவர் மனைவி திரிதா சமையலறைத் துணியைத் தாடையைச் சுற்றிக் கொண்டுவந்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். “வீக்கமே இல்லையே. ரொம்ப வலிக்குதா?”

“வலிக்கும். அந்த டீச்சர் கிளம்புற வரைக்கும் வலிக்கும்.”

வெளியே, பிராங்க்ஸில் இருந்த அவர்களுடைய சின்ன இத்தாலிய உணவகத்தில், மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு உயர்நிலைப் பள்ளியின் இத்தாலிய வகுப்பு முழுதாக உட்கார்ந்திருந்தது. வருடக் கடைசியில் பண்பாட்டுப் பாடம். சாப்பாடு கேட்பது, கிண்டல் செய்வது, குறை சொல்வது எல்லாமே இத்தாலியத்தில்தான். ஒரு வார்த்தை ஆங்கிலம் வந்தாலும் ஆசிரியை மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார். கல்வானி என்பது அவர் பெயர். பிள்ளைகளுக்கு வெறும் சிஞ்ஞோரா.

ஊருக்குத்தான் இவர் நேப்பிள்ஸ் அந்தோனியோ. உண்மையில் அக்ரோன், அல்பேனியாக்காரர். இத்தாலியில் கால் வைத்ததே இல்லை. முதலில் அல்பேனியச் சாப்பாடு என்று பலகை மாட்டிப் பார்த்தார். ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. பலகையையும் பெயரையும் மாற்றிய பிறகு வாசலில் வரிசை நின்றது. இத்தாலியம் தெரியாத வாடிக்கையாளர்களிடம் அவருடைய இத்தாலியம் நன்றாகவே செல்லுபடியானது.

மகள் வியோசா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “அப்பா, சிஞ்ஞோரா உங்களக் கூப்பிடுறாங்க. நேப்பிள்ஸ்ல நீங்க வளர்ந்த தெருவப் பத்தி எல்லாருக்கும் சொல்லணுமாம்.”

“பல்வலின்னு சொன்னியா?”

“சொன்னேன். அப்போ நானே போய்ப் பாக்குறேங்கறாங்க.” அவள் கதவை முதுகால் அடைத்து நின்றாள். “நேப்பிள்ஸ்காரர் பொண்ணுன்னுதான்பா என்னை எல்லாரும் பாக்குறாங்க. இன்னிக்கு மாட்டிக்கிட்டா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கிளாசுக்குப் போறது?”

“உங்கப்பா புண்ணியத்துல அந்த மூஞ்சியையும் துணியால கட்டிக்கலாம்” என்றாள் திரிதா.

“நீ சும்மா இரு” என்றார் அக்ரோன்.

“வந்தாங்கன்னா ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள் வியோசா. “அதையும் பாத்துச் சொல்லுங்க. வாய் ஆமான்னு சொல்லும், தலை இல்லைன்னு ஆடும் உங்களுக்கு. அந்த அல்பேனியாப் பழக்கம் இன்னும் போகல.”

“சரி” என்று அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

“பாத்தீங்களா?”

அக்ரோன் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். சிஞ்ஞோரா ஒரு மாணவியின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். “பாஸ்தாவுக்கு முள்கரண்டி மட்டும் போதும். எங்க ப்ளோரன்ஸ்ல இப்படிச் சாப்பிட்டா பக்கத்து மேசைக்காரன் எழுந்து போயிடுவான்.” செய்தி வாசிப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. அக்ரோனுக்கு நிஜமாகவே பல் கூசியது.

ஒரு பையன் லசானியா தட்டைக் காட்டி இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். சிஞ்ஞோரா தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். அவன் முகம் வாடிக் கையை எடுத்துக்கொண்டான்.

“ஏன் எடுத்துக்கலை? அதான் சரின்னு சொன்னேனே” என்றார் சிஞ்ஞோரா. பையன் ஒன்றும் புரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

திரிதா இனிப்புத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மகளும் பின்னாலேயே போனாள். அவர்கள் போன கதவு ஆடி நிற்பதற்குள் சிஞ்ஞோரா உள்ளே நின்றார்.

“எந்தப் பல்?” என்று இத்தாலியத்தில் கேட்டார்.

அக்ரோன் இடது கன்னத்தைக் காட்டினார். சட்டென்று நினைவு வந்து வலது பக்கத்துக்கு மாறினார்.

சிஞ்ஞோரா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் பார்வை அடுப்பருகே ஆறிக்கொண்டிருந்த தட்டில் விழுந்திருந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்காகத் திரிதா சுட்டு வைத்திருந்த கீரை அடை அது, மெல்லிய மாவு அடுக்கடுக்காக வைத்தது.

“இது என்ன?”

“நேப்பிள்ஸ் பலகாரம்.”

“நேப்பிள்ஸ்ல இது கிடையாது.”

ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொரு துண்டு பிட்டார்.

அதற்கு மேல் அக்ரோனால் தாங்க முடியவில்லை. வெளியே வியோசா ஏதோ இத்தாலியத்தில் சொல்ல, வகுப்பே சிரித்தது. அவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, ஆங்கிலத்துக்கு மாறினார்.

“எனக்குப் பல்வலி இல்லைங்க, சிஞ்ஞோரா. நான் இத்தாலிக்காரனும் இல்ல. அல்பேனியா, ஷ்கோதர் பக்கம். அந்தக் காலத்துல எங்க ஊர்ல வெளிநாட்டு டிவி பாத்தாலே பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. ராத்திரி ஏரியலை இத்தாலிப் பக்கமாத் திருப்பி, சத்தத்தக் கொறச்சு வச்சு, விளம்பரம், பாட்டு, கால்பந்துன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்ட பாஷைங்க இது. பொய் சொன்னது நான். எம் பொண்ணு மார்க்குல மட்டும் கை வச்சிடாதீங்க.”

சிஞ்ஞோரா கையிலிருந்த மாவுத் துகளைத் தட்டிவிட்டார். கதவருகே போய், வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அதை அழுத்திச் சாத்தினார். பிறகு திரும்பி, சுத்தமான அல்பேனிய மொழியில் சொன்னார்:

“மெதுவாப் பேசுங்கண்ணே, நானும் அதே டிவிதான்.”