ரூத் டீச்சர் கேட்டது

“எது வேணும்னாலும் எங்கிட்டக் கேளு, ரூத். எப்பக் கேட்டாலும் சரி.”

“இப்ப வேண்டாம். நேரம் வரும்போது கேக்குறேன்.”

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலையில் சேர அருப்புக்கோட்டைக்குக் கிளம்பிய சுவாமிதாஸிடம், திருச்சுழி வண்டிப்பாதையில் நின்று ரூத் சொன்ன பதில் அது. அதன்பிறகு அவர் தாசில்தாரானார், டிப்டி கலெக்டரானார், சென்னைக் கோட்டையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். ரூத் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகவே இருந்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

போன வருஷம் உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு, புது மந்திரிக்கு ஆலோசகராகிவிட்டார் சுவாமிதாஸ். இன்று ஊருக்கு வருகிறார். பஸ் நிற்கும் இடத்தில் ஊரே கூடியிருந்தது.

“மந்திரிக்கே புத்தி சொல்றவுக நம்ம ஊருக்காரவுக! நினைச்சாலே நெஞ்சு நிமிருது” என்றார் வேதக்கோயில் உபதேசியார் தாவீதுராஜ்.

“நெஞ்சு நிமிந்து என்ன செய்ய, தொண்டை காயுதே!” என்றாள் சோலையம்மாள். “எம் பிள்ளைக ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டிக் குடிச்சிட்டுத்தான் படிக்க வருதுக. டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேணி கேளுங்க. நீங்க கேட்டா அவுக தட்ட மாட்டாக.”

“நான் எதுக்கு?”

“உங்க ராசி அப்படி!” என்றார் உபதேசியார். “இந்த ஊருல யாருக்குக் கல்யாணம்னாலும், பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டுக் கோயில்ல வாசிக்கிற ஓலைய நீங்கதான் எழுதித் தாறீக. மூணு ஞாயிறு வாசிச்சு, ‘தடை உண்டா’ன்னு கேட்டா, இதுவரைக்கும் ஒருத்தன் வாயைத் திறந்ததில்ல.”

ரூத் சிரித்தாள். பதவியில் இருப்பவரிடம் எதைக் கேட்டாலும் அது மனுவாகிவிடும் என்பது அவள் எண்ணம். அவரிடம் மனுப் போட அவளுக்கு மனம் வரவில்லை. கேட்பதற்கு அவள் பொத்தி வைத்திருந்ததும் வேறு. போகட்டும், இந்தப் பிள்ளைகளுக்குக் கேணி வரட்டும் என்று முடிவு செய்தாள்.

எல்லோரும் காரை எதிர்பார்த்து நிற்க, பின்னால் கரியடுப்பு புகையப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்த கரிபஸ்ஸிலிருந்து இறங்கினார் சுவாமிதாஸ். கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. ரூத்தின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

“நல்லாருக்கியா, ரூத்?”

“இருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பள்ளிக்கூடத்துக்கு...”

“கேணிதானே? அதை நீ கேக்கவே வேண்டாம். வறண்ட தாலுகாவுல பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேணிங்கிறதுதான் மந்திரிக்கு நான் சொன்ன முதல் யோசனை. உத்தரவு ஆயிருச்சு. அடுத்த வாரம் வெட்ட வாராக.”

சோலையம்மாள் குலவை போட்டாள். உபதேசியார் துண்டை உதறி, ஜரிகை அங்கவஸ்திரம் போல விரித்துப் போட்டுக்கொண்டார். ரூத்துக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

“ஆனா ஒண்ணு” என்று சிரித்தார் சுவாமிதாஸ். “இனிமே எங்கிட்டக் கேட்டு வாங்க ஒண்ணும் கிடையாது. கையெழுத்துப் போடுற அதிகாரம் போச்சு. காரும் இல்ல, சேவகனும் இல்ல. கல்யாணம் ஆகாத தனிக்கட்டை, பொத்தான்கூட நானேதான் தச்சுக்கிடுறேன். யோசனை சொல்றது மட்டுந்தான் வேலை.”

“குடுக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”

“அப்ப நேரம் வந்திருச்சு.” ரூத் நிமிர்ந்து, ஊரார் அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் முகத்தைப் பார்த்தாள். “வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிக்கிற ஓலையில, நம்ம ரெண்டு பேரு பேரையும் எழுதட்டுமா?”