அளவுகோல் புள்ளி

வானொலித் தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்பினாலும் முதலில் வானத்தின் அந்த ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது தணிகாசலம் போட்ட சட்டம். அதன் பிரகாசம் ஏறாது, இறங்காது. அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அளப்பது. அந்தப் புள்ளியை மட்டும் அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. எடைக்கல்லை யார் எடை போட்டுப் பார்ப்பார்கள்? விண்மீன் திரள்கள் கூட்டமாக மொய்க்கும் இடங்களில், நடுவே குளிர்ந்து இறங்கும் வாயுவைத் தின்று புதிதாக விழித்துக்கொண்ட இளந்திரள் ஒன்று அகப்படாதா என்று பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். அன்று காலை வேறு நாட்டுக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். அவருடைய புள்ளிதான் அது. வருஷத்துக்கு வருஷம் அதன் பிரகாசம் கூடிக்கொண்டே வருகிறதாம்.

மத்தியானம் பழைய பதிவேட்டைப் புரட்டினார். முதல் வருஷத்திலேயே, கருவியை இயக்கும் எஸ்தரின் குண்டு கையெழுத்து: ‘புள்ளி கொஞ்சம் கூடியிருக்கிறது.’ அதன் குறுக்கே அவருடைய சிவப்புக் கோடு: ‘கருவிக் கோளாறு. குறைத்து வை.’ அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஒரே எண்.

“ஏம்மா, இதுக்கப்புறம் கூடவே இல்லியா?”

“கூடிச்சு சார். நீங்க சொன்ன மாதிரி தெனமும் திருகிக் கொறச்சு வெச்சிருவேன்.”

அப்படியானால் இத்தனை வருஷம் அளந்தது ஒன்றுகூடச் சரியில்லை. சிவப்புக் கோட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். தலை நிமிரவில்லை. எஸ்தர் திருகில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

“இன்னிக்கும் கூடித்தான் நிக்குது. கொறச்சிரட்டுமா சார்?”