செல்லாத பெயர்

நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார் ஹபீப். எப்போதோ அழிந்துபோன, மணலளவே உள்ள கடலுயிரின் ஓடு அதில் இருந்தது.

“இந்த இனத்தோட பேரை நீக்கணும், சுல்தானா. தனி இனம்னு நெனைச்சது தப்பு. ஏற்கெனவே பேர் வச்ச ஒண்ணோட குட்டிதான் இது. வளர்றதுக்குள்ள செத்துருச்சு. முதல்ல வச்ச பேருதான் செல்லும்.”

“இதுக்குப் பேர் வச்சவரு மனசு நோவாதுங்களா?” என்றாள் மனைவி.

“நோவும்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.”

“கேட்டாச்சு. ரொம்ப நாளா ஒத்துக்கல. இன்னிக்குத்தான் சரின்னாரு.”

சுல்தானா கணினித் திரையைப் பார்த்தாள்.

‘அல்மாசினா. பெயரிட்டவர்: ஹபீப், கம்பைநல்லூர்.’

ஐந்து வயதில் அவர்கள் பறிகொடுத்த மகள், அல்மாஸ்.

“பாப்பா பேருங்க...”

“தெரியும். எனக்குக் கை வரல. நீ அழிச்சிடறியா?”