மயில் வாத்தியாரின் பாட்டுப் பரீட்சை

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் பரீட்சை முடியட்டும்.

பாரபட்சம் கூடாதென்று மயில் வாத்தியார் திரும்பி நின்றுதான் மார்க் போடுவார். காக்கை பாடியது. "தொண்டையில முள்ளா? முட்டை!" குயில் பாடியது. "மூக்கடைப்பா? முட்டை!" இரண்டும் தேம்பின.

அடுத்தது கரிச்சான் குருவி. எந்தக் குரலையும் அப்படியே எடுத்துவிடுவான். இந்தத் தடவையும் தேறாவிட்டால் அடுத்த வருஷமும் இதே கிளைதான். எப்படியும் முட்டைதானே என்று, காக்கையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, வாத்தியார் குரலிலேயே அகவினான்.

"ஐயையோ! எவன்டா தகரத்தைத் தரையில இழுக்கிறது? முட்டைகூடக் கிடையாது!"

"எப்படிப் பாடணும்னு நீங்களே பாடிக் காட்டுங்க சார்," என்றான் பவ்யமாக.

வாத்தியார் தோகையை விரித்து, கழுத்தை நீட்டி, கம்பீரமாக அகவினார். பாதியில் நின்றுபோனார். மெல்லத் திரும்பினார். வகுப்பே அலகைப் பொத்திக்கொண்டிருந்தது.

"டேய்... அப்ப அந்தத் தகரம் நான்தானா?"