சுத்தமான பையன்

ஜேசனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்ற கேள்விக்கு, மலை உச்சியில் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தாள் பிளஸ்ஸி.

அதற்காகவே தாம்பரத்திலிருந்து இரண்டு குடும்பமும் இந்தத் தேசியப் பூங்காவுக்கு வந்திருந்தன. ஏறும் வழியெல்லாம் ஜேசனின் அப்பா சிப்ஸ் உறைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் வீசிக்கொண்டே போனார். பிளஸ்ஸி முகத்தைச் சுளித்தாள். ஜேசன் பின்னாலேயே குனிந்து ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பையில் போட்டான்.

“குப்பையைக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க” என்றான் அவளிடம்.

“தங்கமான பையன்டி” என்று கிசுகிசுத்தாள் அம்மா. பிளஸ்ஸியும் மனசுக்குள் சரி சொல்லிவிட்டாள்.

உச்சியில் ஜேசன் பையைப் பள்ளத்தாக்கில் கவிழ்த்து உதறினான்.

“ஐயோ, என்ன பண்றீங்க?”

“பாதை எவ்ளோ க்ளீனா இருக்கு பாருங்க. நம்ம வீடும் இப்படித்தான் இருக்கும். பக்கத்துல காலி மனைதானே.”

பிளஸ்ஸி அம்மாவிடம் திரும்பினாள்.

“வாம்மா, இறங்கலாம்.”